லாடெக்கில் இரண்டு படம், ஒரே வரிசை

லாடெக் என்ற ஆவணம் கோக்கும் மென்பொருளில் எழுதும் ஆய்வேட்டில், இரண்டு படங்களை ஒரே வரிசையில் வைக்க ஆளுக்கு 0.5 டெக்ஸ்ட்வித் (எழுத்துப் பகுதியின் அகலத்தில் பாதி) கொடுத்திருப்பீர்கள். கணக்குச் சரி. ஆனாலும் இரண்டாவது படம் கீழே இறங்கிவிடும். முதற் படத்தின் கட்டளை முடிந்ததும் தட்டிய என்டர்தான் காரணம். லாடெக்குக்கு அது ஒரு சொல் இடைவெளி. வழமையான 10 புள்ளி எழுத்தில் ஏறக்குறைய 3.3 புள்ளி. பாதியும் பாதியும் இதுவும் சேர்ந்தால் வரி கொள்ளாது. அந்த வரியின் முடிவில் % குறி போட்டால் இடைவெளி போய்விடும். நடுவே வெற்று வரி கிடந்தால் அது புதுப் பந்தி. அகலத்தை எவ்வளவு குறைத்தாலும் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் 0.48 கொடுத்து, நடுவில் எச்ஃபில் (மிஞ்சும் இடத்தை நிரப்பும் கட்டளை) போடுவதே நல்லது. ஒட்டிக்கொண்டு நிற்கும் வரைபுகள் கண்ணுக்கு உறுத்தும்.

பலர் மண்டையை உடைப்பது அடுத்த சிக்கலில்: ஒரு படம் மேலே, மற்றது சற்றுக் கீழே. லாடெக் படத்தை ஒரு பெரிய எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. படத்தின் கீழ் விளிம்புதான் அதன் அடிக்கோடு, அதாவது எழுத்துகள் உட்காரும் கோடு. படத்தையும் அதன் தலைப்பையும் அடக்கும் பெட்டியான மினிபேஜுக்கு நிலை சொல்லாவிட்டால் நடுவை வைத்து ஒழுங்காக்கும். ஒரு தலைப்பு ஒரு வரியும் மற்றது இரண்டு வரியும் என்றால் நடு மாறும், படமும் நகரும். பி (b, கீழ்) என்று கொடுத்தால் தலைப்பின் கடைசி வரிகள் நேராகும், படங்கள் கோணும். ஆகவே உபபடங்களுக்குத் தலைப்புப் போடும் சப்கேப்ஷன் பேக்கேஜை எடுத்து, அதன் சப்ஃபிகர் பெட்டிக்குச் சதுர அடைப்பில் டி (t, மேல்) கொடுங்கள். முதல் வரியின் அடிக்கோடுகள் ஒன்றாகும். முதல் வரி என்பது படமே. எனவே படங்களின் கீழ் விளிம்புகள் நேராக, தலைப்புகளும் ஒரே மட்டத்தில் தொடங்கும்.

உயரம் வேறுபட்ட படங்களுக்கு டி கொடுத்துவிட்டு மேல் விளிம்பு ஏன் சேரவில்லை என்று கேட்பவர்களுக்கும் விடை அதுதான். படத்துக்கு முன்னால் விஸ்பேஸ் 0 புள்ளி என்று ஒரு வரி சேர்த்தால், உயரமற்ற அந்த இடமே முதலில் வந்து மேல் விளிம்புகளை நேராக்கும். அட்ஜஸ்ட்பொக்ஸ் பேக்கேஜை எக்ஸ்போர்ட் தெரிவோடு அழைத்து, படத்துக்கே விஅலைன் டி கொடுப்பதும் ஒன்றுதான்.

அதைவிட உயரத்தையே சமமாக்கலாம். அகலத்தை உயரத்தால் வகுத்த விகிதத்தில் இடத்தைப் பங்கிடுங்கள். 4:3 படமும் 16:9 படமும் 0.96 அகலத்துக்குள் வரவேண்டுமென்றால் ஒன்றுக்கு 0.411, மற்றதற்கு 0.549. உள்ளே படத்துக்கு லைன்வித் (அந்தப் பெட்டியின் முழு அகலம்) போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் வரைபுகளின் அச்சுக்கோடுகள் நேரில்லையா? அப்படியென்றால் பிழை படக் கோப்பில். பைதனில் வரைபு வரையும் மேட்பிளாட்லிப்பில் சேமிக்கும்போது 'டைட்' கொடுத்தால் ஒவ்வொரு வரைபும் தன்பாட்டில் வெட்டுப்படும். ஒன்றின் அச்சில் 5, மற்றதில் 50000 என்றால் பெட்டிகளின் அளவே வேறு. இரண்டுக்கும் ஒரே ஃபிக்சைஸ் (படத்தின் அளவு), ஒரே ஓர இடைவெளி கொடுத்து, டைட்டை விட்டுவிடுங்கள். அளவையும் அங்கேயே தீர்மானியுங்கள். ஏ4 தாளில் பைண்டிங்குக்கு இடப்பக்கம் 40 மி.மீ., வலப்பக்கம் 25 மி.மீ. விட்டால் எழுத்துக்கு 145 மி.மீ. மிஞ்சும், அதில் 0.48 என்பது 2.74 அங்குலம். வழமையான 6.4 அங்குல வரைபை அதற்குள் சுருக்கினால் 10 புள்ளி எழுத்து 4.3 புள்ளியாகிவிடும். பரீட்சகர் பூதக்கண்ணாடி தேடுவார்.

கொழும்பு வெள்ளவத்தையில் பைண்டிங்குக்குக் கொடுக்குமுன் 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம், 100 வீதத்தில் அடியுங்கள் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பார்த்துப் பார்த்து வைத்த அளவும் ஓரமும் அங்கே மாறிவிடும்.

சில்லறை விடயங்கள்: படத்தைச் சுட்ட வைக்கும் பெயரான லேபல் எப்போதும் கேப்ஷனுக்கு (தலைப்புக் கட்டளை) பின்னால், முன்னால் வந்தால் பட இலக்கத்துக்குப் பதில் பிரிவு இலக்கம் வரும். சென்டர் சூழல் மேலும் கீழும் வீண் இடம் விடும், சென்டரிங் போதும். சப்ஃபிகர் என்ற பெயரிலேயே உள்ள பழைய பேக்கேஜ் காலாவதியானது. சப்ஃபிக் என்பது சப்கேப்ஷனோடு ஒத்துப்போகாது.

தமிழில் எழுதுவோர் தமிழ் எழுத்துருக்களை ஏற்கும் ஸீலாடெக் அல்லது லுவாலாடெக்கில், உபபட இலக்கத்தை அச்சிடும் தசப்ஃபிகர் கட்டளையை, எண்ணுக்கேற்ப எழுத்தைத் தேரும் இஃப்கேஸ் கொண்டு மாற்றி எழுதினால் படங்களுக்கு அடியில் (அ), (ஆ) என்று வரும். அடைப்புக்குறியை நீங்கள் எழுத வேண்டாம், சப்கேப்ஷனே போட்டுக்கொள்ளும், எழுதினால் இரட்டிப்பாகும்.