செக்‌ஷன் இல்லாத செப்டம்பர்காரர்கள்

கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படித்தேன் என்றால் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: காலை ஜெபம் கட்டாயமா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாவிட்டால் வார்டன் கூப்பிட்டு விசாரிப்பாரா. டோக்கியோவுக்கு மேற்கே மிதாகாவில் இருக்கும் இன்டர்நேஷனல் கிறிஸ்டியன் யூனிவர்சிட்டியில் அப்படி எதுவும் இல்லை. சேப்பல் நேரம் உண்டு, விருப்பம் இருந்தால் போகலாம். கிறிஸ்தவ அறிமுகம் என்ற பாடத்தை மட்டும் எல்லோரும் எடுத்தாக வேண்டும். மாணவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களே கிடையாது. சேரும்போது கையெழுத்துப் போடுவதுகூட ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை மதிப்போம் என்ற உறுதிமொழியில்தான். (1949-இல் தொடங்கிய இந்தக் கல்லூரிக்கு ஜப்பானில் நிதி திரட்ட முன்னால் நின்ற ரிசர்வ் வங்கி கவர்னர், அதாவது அவர்கள் ஊர் பேங்க் ஆஃப் ஜப்பான் கவர்னர் இச்சிமாதா, பௌத்தர்!)

அப்புறம் இவர்களைச் சேர்த்து வைப்பது எது? என்னைக் கேட்டால் செக்‌ஷன்தான். ஏப்ரலில் சேரும் ஜப்பானியப் பிள்ளைகளை ஆங்கில வகுப்புக்காக இருபது பேர் அளவில் பிரித்துவிடுவார்கள், தப்பும் தவறுமாக ஒருவர் முன்னால் ஒருவர் இங்கிலீஷ் பேசியே கூச்சம் போய்விடும், அதனால் கடைசி வருடம் வரைக்கும் 'செகுமே' (செக்‌ஷன் மேட் என்பதன் சுருக்கம்) என்று ஒட்டிக்கொண்டே திரிவார்கள். 31 மேஜர்களில் எது என்பதை இரண்டாம் வருடக் கடைசியில் முடிவு செய்தால் போதும் என்பதால், தொடக்கத்தில் துறைவாரியாகக் கூட்டம் சேர வழியில்லை.

செப்டம்பரில் வந்த எங்களுக்குச் செக்‌ஷன் கிடையாது. ஆங்கிலம்தான் தெரியுமே, ஜப்பானிய வகுப்பில் போட்டுவிட்டார்கள், அங்கே லெவல் மாற மாற முகங்களும் மாறும். எங்களுக்கு வாய்த்தது விடுதி. எந்தக் கிழமை எந்தக் குப்பை, யார் சட்டியைக் கழுவாமல் வைத்தது, எல்லாவற்றுக்கும் கூட்டம் போட்டு மணிக்கணக்கில் பேசுவோம். என் தாளிப்பும் ஒருமுறை அஜெண்டாவில் ஏறியது. தீர்ப்பு: எக்ஸாஸ்ட் ஃபேன் போட்ட பிறகே கடுகு.

இரண்டு கூட்டமும் கலக்கிற இடம் மெயின் பில்டிங் முன்னால் இருக்கும் புல்தரை, பக்காயாமா. முட்டாள் மலை! மலை என்றால் லேசான மேடு, அவ்வளவுதான். அந்தக் கட்டடமோ போர்க்காலத்தில் நகாஜிமா விமானக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். வெயில் நாளில் மதியச் சாப்பாட்டை அந்தப் புல்தரைக்குத் தூக்கிக்கொண்டு போனால் யார் பக்கத்திலும் உட்காரலாம், பாதி ஜப்பானியம் பாதி ஆங்கிலமாகப் பேச்சு ஓடும். சர்வதேச நட்பு என்று நோட்டீஸ் ஒட்டி நடத்தும் நிகழ்ச்சிகளில் எனக்கு இந்த அளவுக்கு ஆள் பழகியதில்லை.

செப்டம்பரில் சேரப் போகிறவர்கள் முதல் டெர்மிலேயே ஏதாவது கிளப்பில் சேர்ந்துவிடுங்கள். ஜப்பானியம் வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், பட்டம் வாங்கும்வரை ஆங்கிலம் பேசுகிற அதே நாலு பேரோடுதான் சாப்பிட வேண்டியிருக்கும்.