ஆவணி மாதத்துப் பெக்கோ

மட்டக்களப்பில் கொந்தராத்து வேலை செய்கிற யாரையும் ஆவணியில் சந்தித்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "பெக்கோ ஒண்டு எடுக்கலாமா?" பெக்கோ என்றால் செயினில் ஓடும் மண் வெட்டும் மெசின். சிறுபோக அறுவடை முடிந்து குளத்து மதகான துருசைப் பூட்டியதும் குளக்கட்டு, வாய்க்கால், வயல் பாதை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை திறக்கிறது. பெரும்போகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்குள், வடகீழ்ப் பருவமழை இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும். உன்னிச்சைப் பக்கம், நவகிரிப் பக்கம், அங்கால் அம்பாறையில் கல்லோயா வயற்கண்டங்கள் என்று எல்லாரும் அந்தச் சில கிழமைகளுக்குள் அதே மெசினைத்தான் தேடுகிறோம்.

நான் வேலைத்தள மேற்பார்வை செய்யும் நிறுவனம் சிறியது. டயரில் ஓடும் ஒரு ஜேசிபி, டிப்பர்கள், ஒரு ரோலர் சொந்தமாக உண்டு. இருபது தொன் செயின் பெக்கோ மட்டும் வாடகைக்குத்தான் வரும். ஒவ்வொரு ஆவணியிலும் முதலாளி கேட்பார்: "தம்பி, நாமளே ஒண்டு வாங்கினா என்ன?" அவருக்கு விடை சொல்ல நான் கொப்பியில் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மணித்தியால வாடகையைத்தான் பார்க்கிறார்கள். 'வாடகைக்குக் கொடுக்கிற காசைத் தவணையாகக் கட்டினால் மெசின் நமக்கு மிஞ்சும்' என்று கணக்கு ஓடும். நான் மறுபக்கத்திலிருந்து தொடங்குவேன். லீசிங் தவணை, ஒப்பரேட்டர் சம்பளம், உதவியாள், காப்புறுதி, செயின் மாற்றுவதற்கு ஒதுக்கும் காசு எல்லாம் சேர்த்து மாதம் எட்டு லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். டீசல் கழித்து மணித்தியாலத்துக்கு ஆறாயிரம் மிஞ்சுகிறது என்றால், வருடத்துக்கு 1,600 மணித்தியாலம் ஓடினால்தான் நட்டமில்லாமல் நிற்கலாம். மாதக் கணக்கில் 133. அது பெரிய விசயமில்லை என்றே தோன்றும்.

ஆனால் நம் ஊரில் பன்னிரண்டு மாதமும் ஒன்றல்ல. ஐப்பசியில் மழை பிடித்தால் தை மாதம் வரை வாவிக்கு மேற்கே படுவான்கரைக் களிமண்ணில் இருபது தொன் இறங்கினால் ஏறாது. வயல் விதைத்த பிறகு வரம்போரம் கொண்டுபோகவும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அந்த நாலு மாதமும் மாதத்துக்கு 40 மணித்தியாலம் ஓடினாலே பெரிய காரியம். அப்படியானால் மிச்ச எட்டு மாதமும் 180 மணித்தியாலம் வீதம் ஓட வேண்டும். நாளுக்கு எட்டு மணித்தியாலம் பார்த்தால் மாதத்தில் 22 நாளுக்கு மேல், பழுதில்லாமல், வேலை இடைவெளியில்லாமல், மெசின் காவும் லோபெட் லொறியில் ஏற்றி இறக்கும் நாட்களைச் சேர்க்காமல். எங்களிடம் இருக்கும் வேலை அதில் பாதியைக்கூட நிரப்பாது.

ஏற்றி இறக்குவதும் சிறு செலவல்ல. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை வாவிக்கு அப்பால் இருக்கும் கொக்கட்டிச்சோலைக்கு ஒரு மெசின் போக வேண்டுமென்றால் வலையிறவு வழியாகவோ பட்டிருப்பு வழியாகவோ சுற்றித்தான் போகும். இன்று பாலம் இருக்கிறது, ஆனாலும் இரண்டு நாள் வேலைக்கு லோபெட் பிடித்தால் லாபம் அதிலேயே போய்விடும். அந்தச் சின்ன வேலைக்கெல்லாம் தன் டயரிலேயே ஓடிப் போகிற ஜேசிபிதான் சரி. அது கான் வெட்டும், டிப்பருக்குக் கிறவல் ஏற்றும், மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வாய் வெட்டவும் பிரதேச சபை கூப்பிடும். ஆகவே ஜேசிபியைச் சொந்தமாக வைத்திருப்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.

போன வருடம் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பெக்கோ ஒன்றைப் பார்க்க முதலாளியோடும் எங்கள் மெக்கானிக்கோடும் (பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்) போனேன். கொமட்சு 200. புதுப் பெயின்ட், உள்ளே மீற்றரில் குறைந்த மணித்தியாலம். பாஸ் மீற்றரைப் பார்க்கவே இல்லை. நேரே சங்கிலிப் பல்லுச் சக்கரத்தடியில் குந்தினார். பல்லுகள் கூராகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. பிறகு பக்கெட்டை நிலத்துக்குச் சற்று மேலே தூக்கிவைத்துக் கையால் ஆட்டினார். பக்கெட்டைப் பூட்டியிருக்கும் பின்னும் (ஆணி) புஷ்ஷும் தேய்ந்த 'டக் டக்' சத்தம் தூரத்தில் நின்ற எனக்கே கேட்டது. ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு ஒயில் சூடேறிய பிறகு பூமை (மெசினின் பெரிய கையை) உயர்த்தி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். சிலிண்டர் தண்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார். நாங்கள் பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் கோடு நன்றாகவே இறங்கிவிட்டது. "குளிர்ல எல்லா மெசினும் நல்ல பிள்ளதான் தம்பி, சூட்டில பாக்கணும்" என்றார். செயின் மெசினில் பராமரிப்புச் செலவில் பெரும்பங்கைத் தின்பது அடிப்பாகம்தான். கடலோர மணலில் ஓடியதென்றால் தேய்மானம் இன்னும் விரைவு. அன்று திரும்பி வரும் வழியில் முதலாளி அதிகம் பேசவில்லை.

காசு மட்டுமே பிரச்சினை என்றால்கூடப் பரவாயில்லை. தவணைக்குத் திகதி உண்டு. அரச வேலை பில்லுக்குத் திகதி கிடையாது. 2022இல் நாங்கள் எல்லாரும் அதைக் கண்டோம். தை மாதம் 121 ரூபாவாக இருந்த டீசல் ஆனிக் கடைசியில் 460 ரூபா. அதுவும் வரிசையில் நின்றால்தான். வாடகைக்கு எடுத்தவர்கள் மெசினைத் திருப்பி அனுப்பினார்கள். சொந்தக்காரரின் வளவில் அது அப்படியே நின்றது.

இதைவிட நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. மெசின் வாங்கியவர் மெல்ல மெல்ல மெசினுக்காக வேலை தேடுகிறவராகிறார். நல்ல விலை கிடைக்காத வேலையையும் பிடிக்கிறார். கடைசியில் அனுமதிப்பத்திரம் இல்லாத இடத்தில் இரவில் ஆற்றுமண் வெட்டக் கேட்கிறவருக்கும் இல்லையென்று சொல்ல முடியாமல் போகிறது. அந்த நிலைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் கெட்ட மனிதர்கள் அல்ல. தவணை நாள் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது.

அதற்காக வாடகையை நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. ஆவணியில் போன் எடுத்தால் யாரும் மெசின் தரமாட்டார்கள். எங்களுக்குக் கைகொடுப்பது சம்மாந்துறையில் மூன்று பெக்கோ வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் 'காக்கா' என்போம். மாசி, பங்குனியில் அவருடைய மெசின் சும்மா நிற்கும். மேட்டுநிலம் திருத்துவது, கிறவல் குழியில் மண் கிளறிக் குவிப்பது போன்ற அவசரமில்லாத வேலைகளை அந்த மாதங்களுக்கென்றே ஒதுக்கி அவருக்குத்தான் கொடுக்கிறோம். வாடகையில் ரூபாவுக்கு ரூபா பேரம் பேசுவதில்லை. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி முடிவானதும் அவருக்குத்தான் முதலில் சொல்வேன். "ஒங்கட வேலைக்கு ஒண்டு எப்பவும் ஒதுக்கித்தான் வெச்சிருக்கன், தம்பி" என்பார். அப்படியே வந்தும் சேரும்.

பேச்சு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எழுதிக்கொள்வோம். காலையிலும் மாலையிலும் மீற்றர் வாசிப்பில் இரு தரப்பும் கையெழுத்து. டீசல் எங்கள் பொறுப்பு. 2022க்குப் பிறகு அவரும் அதைத்தான் விரும்புகிறார். பழுதாகி நிற்கும் நேரத்துக்கு வாடகை இல்லை, மழையால் நின்றால் ஒப்பரேட்டரின் நாட்கூலியும் சாப்பாடும் எங்களுடையது. இரண்டு நாளுக்குள் திருத்த முடியாவிட்டால் மற்ற மெசினை அவர் அனுப்ப வேண்டும். இந்த முறை முதலாளி கேட்டபோது இந்தத் தாளையும் 1,600 மணித்தியாலக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கன நேரம் பார்த்துவிட்டு, பெக்கோவுக்கென்று ஒதுக்கியிருந்த முற்பணத்தில் ஜேசிபிக்கு நாலு டயரும் போட்டு ஹைட்ரோலிக் பம்பையும் திருத்தச் சொன்னார்.