முறம்

ஜனவரி 11, 2025
நேற்றிலிருந்து சிங்கப்பூரில் மழை விடவில்லை. ஜனவரி முழுக்கப் பெய்வதைவிட அதிகமாக இந்த 2 நாளில் கொட்டிவிட்டதாம். அம்மா ஜன்னலையே பார்க்கிறார். "களத்துல நெல்லு கெடக்குமே" என்கிறார். எந்தக் களம் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 13
தேக்கா சந்தைக்குப் பொங்கல் பானை வாங்கப் போனவள் முறத்தோடு வந்தேன். செயலிழந்த வலது கைக்குப் பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்தை அம்மா தொடுவதே இல்லை. முறத்தை இடது கையால் தடவினார். "சந்து சந்தா இருக்கு. மெழுகணும்." வெந்தயம் ஊறவைத்து அரைத்து, காகிதக் கூழோடு பூசினேன். ஊரில் சாணமும் சேர்ப்பார்கள்.

ஜனவரி 14
பால் பொங்கியது. அம்மா அழுதார்.

ஜனவரி 16
முறம் காய்ந்துவிட்டது. எதைப் புடைப்பது? இங்கே வாங்கும் அரிசியில் பதருமில்லை, கல்லுமில்லை. அப்புறம் வேர்க்கடலை நினைவு வந்தது. வறுத்து, கசக்கி, முறத்தில் போட்டேன். "தூக்காத பாப்பா, சுண்டு." மணிக்கட்டைச் சுண்டி எறிந்து, கடலை இறங்கும்போது முறத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்து வாங்க வேண்டும். அந்த இழுப்பில்தான் தோல் முன்னால் போய் விழுகிறது. எனக்குப் பாதிக் கடலை தரையில்.

ஜனவரி 18
மறுபடி மழை.

ஜனவரி 24
காற்று! வெளி நடைபாதையில் உட்கார்ந்தோம். அம்மா பொலி தூற்றியதைப் பேசிக்கொண்டே இருந்தார். தாத்தா உயர நின்று கூடையைச் சரிப்பாராம். நல்ல நெல் காலடியில், அரைகுறையாய் விளைந்த கருக்காய் கொஞ்சம் தள்ளி, பதர் அதற்கும் அப்பால். காற்று நின்றுபோனால் கூடையை இறக்காமல் அப்படியே நிற்பாராம்.
"எவ்வளவு நேரம்மா?"
"காத்து வர்ற வரைக்கும்."

ஜனவரி 25
கீழ்வீட்டு அக்கா வந்தார். கழியில் காயப்போட்ட துணியெல்லாம் கடலைத் தோல். என் தப்புதான், மன்னிப்புக் கேட்டேன். இனி வீட்டுக்குள்ளேயே, போர்வை விரித்து, மின்விசிறிக்கு எதிரே.

ஜனவரி 30
அம்மா யாரிடமும் பேசவில்லை. முறம் சுவரோரம் சாய்ந்திருக்கிறது.

பிப்ரவரி 2
அம்மாவின் வலது கட்டைவிரல் முறத்தின் விளிம்பைப் பிடித்தது. நான் எடுத்து வைக்கவில்லை, தானாகப் பிடித்தது. ஒரு தடவை சுண்டினார். கடலை எழும்பவில்லை, தோல் மட்டும் ஒரு விரற்கடை நகர்ந்தது. நான் பார்த்தேன். நகர்ந்தது.

பிப்ரவரி 5
நாளை ஸ்கேன் முடிவு சொல்வார்கள். தூக்கம் வரவில்லை, கால் கிலோ கடலை வறுத்து வைத்தேன். அம்மாவும் விழித்திருக்கிறார். மின்விசிறியை 1-இல் வைக்கச் சொல்கிறார், தோல் கண்ணில் விழுகிறதாம்.