30–0: ஒரு பிரஸ் நாட்குறிப்பு

ஜூன் 2

கூடைப்பந்தில் பிரஸ் என்றால், எதிரணி பந்தைத் தன் பாதியிலிருந்து கொண்டுவரும்போதே நெருக்குவது. அதைக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தால் மறுபடி மறுபடி வந்து நிற்கும் சீசன் ஒன்று உண்டு: அமெரிக்காவின் யூசிஎல்ஏ கல்லூரி அணி, 1963–64. ஆடிய 30 ஆட்டங்களிலும் வெற்றி. தொடக்க ஐவரில் 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. ஜான் வுடன் அங்கே கோச்சாகச் சேர்ந்தது 1948இல். தேசியப் பட்டம் கைக்கு வந்தது பதினாறாவது சீசனில். ஸோன் பிரஸ் (ஆளுக்கு ஆள் ஒட்டாமல் ஒவ்வொருவரும் ஒரு பகுதியைக் காப்பது) போடலாம் என்று விடாமல் சொன்னவர் உதவி கோச் ஜெரி நார்மன்.

பந்தைப் பறிக்கத்தான் பிரஸ் என்று நினைப்பவர்களுக்கு இந்த சீசன் பிடிபடாது. எதிரணியை அவசரப்பட வைப்பதுதான் அதன் வேலை. பறித்தது கணக்கில் உபரி.

ஜூன் 4

ஆள் நிறுத்தம் 2-2-1. முன்வரிசையில் கெயில் குட்ரிச்சும் ஃபிரெட் ஸ்லாட்டரும். இரண்டாம் வரிசையில் வால்ட் ஹசார்டும் ஜாக் ஹிர்ஷும். கடைசியில் தனியாள் கீத் எரிக்சன். சென்டர் (வழக்கமாகக் கூடையருகே ஆடும் உயரமானவர்) ஆடும் ஸ்லாட்டரை முன்னால் நிறுத்தியதைக் கவனியுங்கள். பெரும்பாலான அணிகள் உயரமானவரைக் கூடைக்கடியில் காவல் வைத்துவிடும். எரிக்சன் வாலிபாலும் ஆடியவர், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வாலிபால் அணியில் இருந்தவர். காற்றில் வரும் பந்து எங்கே இறங்கும் என்று முன்கூட்டியே தெரிகிற கண் கடைசி ஆளுக்கு வேண்டும்.

முன்வரிசை, எதிரணி பந்தை உள்ளே போடும் பக்கத்து பிரீ த்ரோ (யாரும் மறிக்காத எறிவு) கோட்டருகே. இரண்டாம் வரிசை நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால். கடைசி ஆள் நடுக்கோட்டுக்குப் பின்னால். பேஸ்லைனிலிருந்து (கூடைக்குப் பின்னாலுள்ள எல்லைக்கோடு) வரும் முதல் பாஸைத் தடுக்க வேண்டாம், மூலைப் பக்கம் போகட்டும்.

ஜூன் 5

இன்று முழுக்க மடக்குவது பற்றி, அதாவது பந்து வைத்திருப்பவரை இருவர் சேர்ந்து அடைப்பது.

பந்து வைத்திருப்பவரின் எதிரே நிற்கும் முன்வரிசை ஆள் நேராக நிற்கக் கூடாது. மைதானத்தின் நடுப்பக்கம் அரை உடம்பு தள்ளி நிற்க வேண்டும். வழி சைடுலைன் (பக்கவாட்டு எல்லைக்கோடு) பக்கம் மட்டும் திறந்திருக்கும். டிரிபிள் (பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவது) அந்தப் பக்கம்தான் போகும். நடுக்கோட்டை நெருங்கும்போது அதே பக்கத்து இரண்டாம் வரிசை ஆள் முன்னால் வந்து மறிக்கிறார், முதல் ஆள் பக்கவாட்டில் அடைக்கிறார். சைடுலைன் மூன்றாவது ஆள். கபடியில் ரைடரை ஓரத்துக்குத் தள்ளி அடைக்கிற அதே கணக்கு.

இருவரின் முழங்காலும் ஏறக்குறைய ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒரு அடி இடைவெளி கிடைத்தாலும் நல்ல டிரிபிளர் தோளை நுழைத்துக் கிளம்பிவிடுவார். கைகள் தலைக்கு மேல். பந்தை நோக்கிக் கை வீசுவதுதான் இங்கே நடக்கும் முதல் தப்பு: ஃபவுல் விழும், மடக்கியது வீண். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி ஒரு குவார்ட்டரில் நான்கு டீம் ஃபவுல் முடிந்தால், அடுத்த ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு பிரீ த்ரோ. முதல் நான்கு நிமிடத்திலேயே அந்தக் கணக்கை முடித்துவிட்டு பிரஸ் போடுவது தற்கொலை.

மற்ற மூவர்: எதிர்ப்பக்க முன்வரிசை ஆள் நடுவுக்கு ஓடுகிறார். கடைசி ஆள் பந்திருக்கும் சைடுலைனுக்கு வருகிறார். எதிர்ப்பக்க இரண்டாம் வரிசை ஆள் கூடையைக் காக்கப் பின்னால் ஓடுகிறார். குறுக்கே போகும் நீளமான பாஸ் மட்டும் திறந்திருக்கும். அதை விட்டுவிடலாம், இரண்டு கைகளுக்கு மேல் தூக்கிப் போட வேண்டிய பந்து மெதுவாகத்தான் போகும், அதற்குள் ஆள் சேர்ந்துவிடும்.

ஜூன் 7

மேலே சொன்ன மூவரில் எப்போதும் தாமதிப்பவர் கூடைக்கு ஓட வேண்டியவர். மடக்கு விழுந்ததா என்று பார்த்துவிட்டு ஓடுகிறார். கடைசி ஆளோ ஏற்கெனவே இடத்தை விட்டுவிட்டார். விளைவு ஆளில்லாத லே-அப், கூடையருகே போய்ப் போடும் சுலப ஷாட். டிரிபிளர் சைடுலைன் பக்கம் திரும்பிய கணமே ஓட வேண்டும். பந்தைப் பறிக்காமல், நடை வேகத்தில், பக்கத்துக்கு எட்டு முறை ஓட்டிப் பார்த்த பிறகே முழு வேகம்.

ஜூன் 10

கடிகாரம். 1964இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கிளாக் (இத்தனை விநாடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும் என்ற கடிகாரம்) கிடையாது. ஆண்கள் ஆட்டத்துக்கு அது வந்தது 1985–86இல், அதுவும் 45 விநாடி. அதுவரை முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைத் தின்னலாம். அந்தச் சோம்பல் ஆட்டத்தைக் குலைத்ததுதான் அன்றைய பிரஸின் பெரிய லாபம்.

இன்று ஃபீபா ஆட்டத்தில் நடுக்கோடு தாண்ட 8 விநாடி, ஷாட் எடுக்க 24. எதிரணி ஏழாவது விநாடியில் கோடு தாண்டினால் மிச்சம் 17. திட்டமிட்ட செட் பிளே தொடங்குவதற்குள் இன்னும் நாலைந்து போய்விடும். ஸ்கோர் ஷீட்டில் ‘ஸ்டீல்’ (பந்தைப் பறித்த எண்ணிக்கை) மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் எத்தனையாவது விநாடியில் கோடு தாண்டினார்கள் என்று பெஞ்சில் ஒருவர் குறிக்கட்டும்.

ஜூன் 11

கூடை விழுந்த பிறகும் கடைசி பிரீ த்ரோ விழுந்த பிறகும் மட்டுமே பிரஸ். தவறிய ஷாட்டுக்குப் பின் ஐந்து பேரும் ரீபவுண்டுக்காக (திரும்பித் தெறிக்கும் பந்தைப் பிடிக்க) கலைந்திருப்பார்கள், வரிசை பிடிக்க நேரமில்லை. ஆக, ஷாட் விழாத அணிக்கு பிரஸும் இல்லை.

ஜூன் 14

இறுதி ஆட்டம்: 1964 மார்ச் 21, கான்சாஸ் சிட்டி. எதிரே டியூக், அவர்களிடம் 6 அடி 10 அங்குலத்தில் இருவர். யூசிஎல்ஏ முந்தின நாள்தான் கான்சாஸ் ஸ்டேட்டை 90–84இல் கடந்து வந்திருந்தது. முதல் பாதியில் டியூக் 30–27 என்று முன்னால் நின்றது. அடுத்த இரண்டரை நிமிடம் போலத் தொடர்ந்து 16 புள்ளிகள் யூசிஎல்ஏவுக்கு: 43–30. இடைவேளையில் 50–38, முடிவில் 98–83. குட்ரிச் 27; பெஞ்சிலிருந்து எழுந்து வந்த கென்னி வாஷிங்டன் 26.

அந்த 26ஐ அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. 2-2-1இல் ஒருவர் களைத்தாலும் மடக்கில் ஓட்டை விழும், ஆகவே ஆறாவது ஏழாவது ஆளும் ஐந்து இடங்களில் இரண்டையாவது தெரிந்தவராக இருக்க வேண்டும். களைப்பு முதலில் தெரிவது மூச்சில் இல்லை, கையில்: மடக்கும்போது கை தோளுக்குக் கீழே இறங்கும். இறங்கிய ஆளை அடுத்த விசிலில் வெளியே எடுங்கள்.

ஜூன் 15

வுடன் தம் ஆட்டக்காரர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது சாக்ஸ் போடுவது. குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் ஒரு மடிப்பு இல்லாமல் கையால் தடவி இழுத்துவிட வேண்டும், மடிப்பிருந்தால் கொப்புளம். பிரஸில் நின்று திரும்புவது அதிகம், கொப்புளம் சீக்கிரம் வரும். ஷூ லேஸை மேலே மட்டும் இழுத்துக் கட்டினால் போதாது, கீழிருந்து ஒவ்வொரு துளையாக இறுக்கிக்கொண்டே வர வேண்டும்.