துச்சாதனனும் ஊதா கலர் ஜிப்பும்

அந்த போட்டோவை சொந்தக்காரங்க குரூப்ல போட்டது நான் இல்ல. போட்டது இந்த வீட்டு வாரிசு. அதுக்குக் கீழ "பாட்டி விண்வெளிக்குப் போறாங்க"ன்னு எழுதி வேற வெச்சிருக்கான். ராத்திரி போட்டான். காலைல பால் பொங்கறதுக்குள்ள வளவனூர் பெரியம்மா போன்ல வந்துட்டாங்க. "உன் மாமியாருக்கு என்னம்மா ஆச்சி, ஆஸ்பத்திரியில ஏன் இப்படி ஒரு டிரஸ் போட்டு வெச்சிருக்காங்க?"

போட்டோ பார்க்காத பாக்கியசாலிகளுக்காக: குடும்பத்தோட மணாலி டூர் போனப்ப எடுத்தது. ஊதா கலர் பனி டிரஸ், கழுத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே பீஸ். முதுகுல வெள்ளை பெயின்ட்ல கடை நம்பர் 31. நெஞ்சுக்கு நேரா ஜிப்புக்கு நடுவுல ஒரு முழத்துக்கு சுங்குடிச் சேலை முந்தானை வெளிய தொங்குது. பின்னாடி இமயமலை இருக்கு. அத்தை முகத்துல இருக்கற கோவத்துல மலையை இதுவரைக்கும் ஒருத்தரும் கவனிக்கல.

இதுக்கெல்லாம் காரணம் யாருன்னு அத்தைகிட்ட கேட்டா இடும்பின்னு சொல்வாங்க. இவர்கிட்ட கேட்டா ஜிப்பு மட்டம்பார். மாமா வழக்கம்போல ஒண்ணும் சொல்ல மாட்டார். டெல்லி ரயில் வண்டலூர் தாண்டறதுக்கு முன்னாடியே... சரி, ரயில் அந்தப் பக்கம் போகாதுதான், ஒரு பேச்சுக்குச் சொல்றேன், சென்ட்ரல்லயே குரங்கு குல்லா மாட்டினவர், அதுக்குள்ள இருந்து வெளிய வரவே இல்ல. மே மாசம். சென்னை. பிளாட்பாரத்துல எல்லாரும் கர்ச்சீப்பால விசிறிக்கிட்டு நிக்கறாங்க.

மணாலில டிரைவர் முதல்ல கொண்டு போய் இறக்கினது ஹடிம்பா கோயில்ல. தேவதாரு மரக் காட்டுக்கு நடுவுல, 1553ல மகாராஜா பகதூர் சிங் கட்டினது. நாலு அடுக்கு கூரை, கதவெல்லாம் மர வேலைப்பாடு, வெளிச் சுவத்துல வரிசையா கொம்புங்க மாட்டியிருக்கு. வாசல் ரொம்பத் தாழ்வு, குனிஞ்சாத்தான் உள்ள போக முடியும். அத்தை ரெண்டு சால்வையோட பொறுமையா வரிசைல நின்னாங்க. முன்னாடி ரெண்டே பேர் பாக்கி இருக்கும்போது கேட்டாங்க. "இது எந்த அம்மன்மா?"

"இடும்பி, அத்தை. பீமனோட சம்சாரம். கடோத்கஜனுக்கு அம்மா."

எங்க வீட்டுக் குலசாமி திரௌபதி அம்மன். ஆடி பொறந்தா பாரதம் படிக்கறது, ராத்திரி பூரா கூத்து, படுகளம், தீமிதி. அத்தை அந்தப் பதினெட்டு நாள் சண்டையைப் பக்கத்துத் தெருவுல நடந்ததாத்தான் பேசுவாங்க. சகுனி பேச்சு வந்தா இன்னிக்கும் துப்புவாங்க.

"சக்களத்தி கோயிலா?" நின்னுட்டாங்க. "எங்க ஆத்தாளுக்கு சக்களத்தி வாசல்ல நான் போய்க் குனியணுமா? அப்புறம் எந்த மூஞ்சியோட தீ மிதிக்கறது?"

பின்னாடி ஒரு குஜராத் குடும்பம். அதுக்குப் பின்னாடி பஞ்சாப். தேசம் மொத்தமும் அத்தை முடிவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. இதுக்கு நடுவுல மாமா, குல்லாவோட, சத்தமில்லாம குனிஞ்சி உள்ள போயி, கும்பிட்டு, நெத்தியில குங்குமத்தோட வெளிய வந்துட்டார். அத்தை அந்தக் குங்குமத்தை ஒரு பார்வை பார்த்தாங்க. "ஆம்பளைங்களுக்கு என்னா, எவளை வேணா கும்பிடுவாங்க."

சமாதானத்துக்கு நானும் பேசிப் பார்த்தேன். குல்லு ராஜா வம்சத்துக்கே இவங்கதான் பாட்டி முறை, இவங்க மணாலில இருந்து பல்லக்குல போய்ச் சேராம குல்லு தசராவே ஆரம்பிக்காதுன்னு சொன்னேன். "அது அவங்க ஊரு வழக்கம்"னு முடிச்சிட்டாங்க. ஆனா கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில கடோத்கஜனுக்குத் தனியா ஒரு இடம் இருக்கு பாருங்க, அங்க போனதும் அத்தை மாறிட்டாங்க. "இந்தப் புள்ள என்னா பாவம் பண்ணிச்சி? அவங்க பங்காளிச் சண்டைக்கு இது வந்து செத்துச்சி." முந்தானை முடிச்சை அவுத்து பத்து ரூபா போட்டாங்க. தாய்க்கு ஒண்ணும் கிடையாது, புள்ளைக்கு மட்டும்.

செவ்வாய்க்கிழமை பனி பார்க்கறதுன்னு முடிவானதும் அத்தையாலதான். அம்மனுக்கு உகந்த நாளாம். ரோத்தாங் கணவாய்க்கு செவ்வாய்க்கிழமை லீவு, ரோடு வேலைக்காக டூரிஸ்ட் வண்டியை விட மாட்டாங்க. மத்த நாள்லயும் 1,200 வண்டிக்குத்தான் பெர்மிட், அதை ஆன்லைன்ல பிடிக்கறது தட்கல் டிக்கெட் எடுக்கறதைவிட மோசம்னு டிரைவர் சொன்னார். அதனால அடல் சுரங்கம் வழியா அந்தப் பக்கம் கோக்சர் போயிடலாம், பனி அங்கயும் இருக்குன்னார்.

ஆனா முதல்ல டிரஸ். மணாலில இருந்து மேல போற ரோடு பூரா பனி டிரஸ் வாடகைக் கடைதான். எல்லாத்துக்கும் நம்பர். எந்தக் கடைல நிறுத்தணும்னு நமக்குத் தெரியாது, டிரைவருக்குத் தெரியும், டிரைவருக்கும் கடைக்கும் நடுவுல இருக்கறது என்னன்னு எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு 300 ரூபா, ரப்பர் பூட்ஸ், கையுறை உட்பட. போட வேண்டியதே இல்லன்னு பின்னாடிதான் புரியும். நாங்க மாட்டிக்கிட்டு நிக்கும்போது கடைக்காரம்மா வெயில் தாங்காம நிழல்ல உக்காந்திருந்தாங்க.

"துவைச்சாங்களான்னு கேளு"ன்னாங்க அத்தை. இவர் தூர்தர்ஷன்ல கத்துக்கிட்ட ஹிந்தியில ஏதோ கேட்டார். அந்தம்மா சிரிச்சாங்க. அது ஆமாவா இல்லையான்னு கடைசி வரைக்கும் தெரியல.

சேலையை அவுக்க மாட்டேன்னு அத்தை உறுதியா சொல்லிட்டாங்க. ஆறு கஜத்தையும் உள்ள திணிச்சி, கொசுவத்தை முழங்காலுக்கு மேல சுருட்டி, முந்தானையை ரவுண்டு கட்டி, நானும் கடைக்காரம்மாவும் ரெண்டு பக்கம் பிடிக்க, ஜிப் மூச்சு வாங்கிக்கிட்டே மேல ஏறிச்சி. அத்தையால கையைக் கீழ இறக்க முடியல. ரெண்டு கையும் விரிச்ச மாதிரியே வண்டில ஏறி உக்காந்தாங்க. மாமாவுக்கு ஜன்னலோரம் அரை சாண் கிடைச்சிது.

சுரங்கம் 9.02 கிலோமீட்டர். 2020 அக்டோபர்ல திறந்தது. அதுக்கு முன்னாடி பனி விழுந்தா ரோத்தாங் மூடிடும், லாகுல் பக்கத்து ஜனங்க வருஷத்துல பாதி நாள் வெளியூர் பார்க்க முடியாது. இந்தப் பக்கம் நுழையும்போது தேவதாரு, அருவி, எல்லாம் பச்சை. பத்து நிமிஷத்துல அந்தப் பக்கம் வெளிய வந்தா ஒரு மரம் இல்ல. மழை மறைவுப் பிரதேசம். பழுப்பு நிற மலை மொட்டையா நிக்குது, அதுல வெள்ளைத் திட்டு, கீழ சந்திரா ஆறு சாம்பல் கலர்ல ஓடுது. நான் கொஞ்ச நேரம் பேசாம பார்த்தேன். என் புள்ள "இங்க டவர் கிடைக்குமா"ன்னு கேட்டான்.

பனியைப் பத்தி என்ன சொல்றது. காலண்டர்ல வர்ற பனி மேல உச்சியில இருக்கு. நமக்குக் கொடுத்தது ரோட்டோரப் பனி. டயர் தடம், மேகி கவர், அழுக்கு. ரப்பர் டியூபை வெச்சிக்கிட்டு சறுக்க வாங்கன்னு நாலு பேர், யாக் மேல உக்காந்து போட்டோ எடுங்கன்னு நாலு பேர். அத்தை குனிய முடியாததால புள்ள ஒரு பிடி அள்ளிக் கொடுத்தான். நக்கிப் பார்த்தாங்க. "நம்ம பிரிட்ஜ் பிரீசர்ல கத்தியால சுரண்டுவோமே, அதேதான்டா இது. இதுக்கு ஏன்டா இவ்ளோ தூரம்?" சொல்லிட்டு மிச்சத்தை உருட்டி மாமா மேல அடிச்சாங்க. குல்லா மேலயே பட்டுச்சி. மாமா திருப்பி அடிச்சார்! நாப்பது வருஷக் குடித்தனத்துல மாமா திருப்பி எதுவும் செஞ்சதா சரித்திரமே இல்ல. அப்புறம் கால் மணி நேரம் ரெண்டு பேரும் யார் பேச்சையும் கேக்கல.

குளிர் ஆரம்பிச்சிது. டீ. மறுபடி டீ. டீ போனா அடுத்தது என்னன்னு சொல்லவா வேணும்.

அத்தை என் காதுல சொன்னாங்க. நான் ஜிப்பை இழுத்தேன். நாலு விரக்கடை இறங்கி நின்னுச்சி. முந்தானை பல்லுக்குள்ள போயிடுச்சி. மேலயும் போகல, கீழயும் வரல. இவர் வந்தார். "நகரு, நான் பார்க்கறேன்"னு முந்தானையைப் பிடிச்சி இழுத்தார். டிரைவரும் உதவிக்கு வந்துட்டார். ஒருத்தர் ஜிப்பை இழுக்க, ஒருத்தர் சேலையை இழுக்க, சேலை முழம் முழமா வெளிய வருது, அத்தை நடு ரோட்டுல ரெண்டு கையும் மேல தூக்கிக்கிட்டு நிக்கறாங்க.

"டேய் துச்சாதனா! விடுடா சேலையை!"

கோக்சர் மலையே திரும்பிப் பார்த்துச்சி. இவர் கையை எடுத்துட்டார். டிரைவருக்கு மொழி புரியல, ஆனா அவரும் எடுத்துட்டார். யாக் கூட ரெண்டடி பின்னால போச்சி. இந்தப் புனிதமான நேரத்துலதான் வாரிசு அந்தப் போட்டோவை எடுத்தான்.

"அவ வேலைதான் இது"ன்னாங்க அத்தை. "நேத்து வாசல் வரைக்கும் போயிக் கும்பிடாம வந்தேன் இல்ல."

கத்தரியால ஜிப்பை வெட்டலாம்னா டெபாசிட் போயிடும்னு இவருக்குக் கவலை. சேலையை வெட்டலாம்னா சொல்லவே வேணாம். ஒரே வழி, கடைக்கே திரும்பறது. வண்டி பறந்துச்சி. சுரங்கத்துக்குள்ள 150 மீட்டருக்கு ஒரு அவசர போன், 60 மீட்டருக்கு ஒரு தீயணைப்புக் குழாய், 250 மீட்டருக்கு ஒரு கேமரா. இன்ஜினீயருங்க எல்லா ஆபத்தையும் யோசிச்சிருக்காங்க, இதைத் தவிர. "இன்னும் எவ்ளோ தூரம்?" "வந்துடுச்சி அத்தை." "இதையேதான் அப்பவும் சொன்ன." வழியில கண்ணை மூடிக்கிட்டு ஏதோ முணுமுணுத்தாங்க. திரௌபதி பேரும் கேட்டுச்சி, இன்னொரு பேரும் கேட்டுச்சி. நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

கடைக்காரம்மா அத்தையைப் பார்த்தாங்க, முந்தானையைப் பார்த்தாங்க, ஒண்ணும் கேக்கல. உள்ள போயி விரல் நீளத்துக்கு ஒரு மெழுகுவத்தித் துண்டு எடுத்துட்டு வந்து ஜிப் பல்லுல மேலயும் கீழயும் தேய்ச்சாங்க. நகத்தால சேலையை ஒவ்வொரு இழையா பின்னால தள்ளினாங்க. மறுபடி மெழுகு. டர்ருன்னு ஒரே இழுப்பு. அத்தை காணாமப் போனாங்க.

திரும்பி வந்தப்ப ஆள் புதுசா இருந்தாங்க. விறகு அடுப்புப் பக்கத்துல போய் உக்காந்து அந்தம்மாவையே பார்த்தாங்க. அந்தம்மா கட்டியிருந்தது பட்டு. நம்ம காஞ்சிபுரம் இல்ல, அந்த ஊரு கம்பளித் துணி, கட்டம் போட்டது. மொத்த உடம்பையும் சுத்தி வந்து ரெண்டு தோள்லயும் வெள்ளி ஊசி குத்தி, நடுவுல சங்கிலி தொங்குது. ஜிப் கிடையாது. பட்டன் கிடையாது. அத்தை ஊசியைத் தொட்டுக் காட்டி "இது எப்படி நிக்குது?"ன்னு தமிழ்லதான் கேட்டாங்க. அந்தம்மா ஒரு பக்க ஊசியைக் கழட்டி, துணியை மடிச்சி, திரும்பக் குத்திக் காட்டினாங்க, அவங்க மொழியில ஏதோ சொல்லிக்கிட்டே. அத்தை எழுந்து கொசுவம் வெச்சிக் காட்டினாங்க. அரை மணி நேரம். மாமியார் கொடுமை வரைக்கும் பேச்சு போச்சின்னு நினைக்கறேன், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என்னைப் பார்த்தாங்க.

கிளம்பும்போது டெபாசிட்ல இருந்து மெழுகுவத்திக்கு 20 ரூபா பிடிச்சிட்டாங்க. அது ஏற்கெனவே பாதி எரிஞ்சது. இவர் வாயைத் திறக்கறதுக்குள்ள அத்தை, "நியாயமான காசுதான், குடுத்துட்டு வாடா துச்சாதனா"ன்னுட்டாங்க. இந்தப் பேரு இனிமே நிலைச்சிடும்னு தோணுது.

மறுநாள் நக்கர் கோட்டை, ரஷ்ய ஓவியர் ரோரிக் இருந்த வீடு, எல்லாம் நான் ஆறு மாசமா ஆசைப்பட்டு வெச்சிருந்தது. மொத்தமும் ரத்து. காலைல அத்தை குளிச்சி ரெடியா நிக்கறாங்க, கையில ஒரு டஜன் சிவப்பு கண்ணாடி வளையல். "அந்தக் கோயிலுக்குப் போவணும். சக்களத்தியா இருந்தாலும் புள்ளையைப் பறிகொடுத்தவ." வரிசைல நின்னு, குனிஞ்சி உள்ள போயி, வளையலை வெச்சிட்டு வந்தாங்க. "ஊர்ல மட்டும் வாயைத் திறக்காத"ன்னு எனக்கு உத்தரவு.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதுன்னு வண்டில ஏறினோம். 31ம் நம்பர் கடைக்காரம்மா பத்திப் பேச்சு வந்துச்சி. அப்பதான் மாமா, அந்த டூர்லயே முதல் தடவையா குல்லாவைக் கழட்டினார்.

"அந்தம்மா அந்த ஊசி குத்தியிருந்தது அழகா இருந்துச்சி இல்ல?"

சண்டிகர் வர்ற வரைக்கும் வண்டில யாரும் பேசல. புளியோதரைப் பொட்டலம் பிரிச்சப்ப மாமாவுக்கு மட்டும் கறிவேப்பிலை.