மூன்லைட் சொனாட்டா: முதல் பகுதிக்கு மட்டும் ஏன் இவ்வளவு புகழ்?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கீபோர்டு கற்பவர்கள் ஆசைப்பட்டுக் கேட்பது பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா என்ற மூன்று பகுதி கொண்ட பியானோ படைப்பு. அதிலும் முதல் பகுதி மட்டும். என் கட்சி வேறு: 1801-இல் எழுதிய இந்தப் படைப்பின் கனமெல்லாம் மூன்றாம் பகுதியில்தான். (பெயர்கூட அவர் வைத்ததல்ல, இறந்த பிறகு ஒட்டிக்கொண்டது.)

அதற்காக முதல் பகுதி சுலபம் என்று இறங்கிவிடாதீர்கள். மும்மூன்றாக ஓடும் சுரங்களுக்கு மேலே வலது சுண்டுவிரலில் மெட்டு வரும். அதிலுள்ள குட்டிச் சுரம், மூன்றாவது சுரத்தோடு சேர்ந்து விழாமல் ஒரு இழை தள்ளி விழ வேண்டும். இங்கேதான் பலரும் சொதப்புகிறார்கள்.

அடுத்து பெடல். அதை மிதித்தால் டாம்பர் (கம்பியின் ஒலியை அடக்கும் மெத்தை) தூக்கிக்கொள்ளும், ஒலி நீளும். பகுதி முழுக்க டாம்பரைத் தூக்கியே வாசிக்கச் சொல்கிறார் பீத்தோவன். அன்றைய பியானோவில் ஒலி சீக்கிரம் தேயும். இன்றைய பியானோவில் அப்படியே மிதித்தால் எல்லாம் குழம்பும். இடது கைச் சுரம் மாறும்போதெல்லாம் பெடலை எடுத்து மிதியுங்கள்.

61 கட்டை கீபோர்டு வழக்கமாகக் கீழே சி (C) சுரத்தில் தொடங்கும். இரண்டாம் பாரிலேயே (தாளக் கட்டத்திலேயே) அதற்கும் கீழுள்ள பி (B) வேண்டும், கிடைக்காது. பீத்தோவன் இதை எழுதிய காலத்துப் பியானோவிலும் பெரும்பாலும் 61 கட்டைதான். ஆனால் அது இன்னும் கீழே எஃப் (F)-இல் தொடங்கியது. 76 கட்டை இருந்தால் தாராளம்.