கடலைக் காணவில்லை

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் கோடை விடுமுறை என்றால் லண்டனுக்குக் கிழக்கே இருக்கும் கடற்கரை ஊரான சவுத்எண்ட்தான். லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஏறி, பார்க்கிங்கில் (வண்டி நிறுத்தும் இடமில்லை, ஊர்ப் பெயரே அதுதான்) ரயில் மாறி, அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பிப் பொரித்த மீன் ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவோம். சித்தப்பா குடும்பமும் வரும், சண்டையும் கூடவே வரும்.

முதல் தடவை போனபோது கடலே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, அதில் சரிந்து கிடந்த படகுகள். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் அலைக்குப் பக்கத்தில் வளர்ந்த அப்பா, "உதென்ன, கடலை ஆரும் கொண்டு போட்டாங்களோ?" என்றார். அது தேம்ஸ் ஆறு கடலில் சேரும் இடம், வற்றும்போது தண்ணீர் ஒரு மைல் அளவுக்குப் பின்வாங்கிவிடும். அதனால்தான் கப்பல் வந்து நிற்க அவ்வளவு நீளமான பியர் (கடலுக்குள் நீளும் நடைபாலம்) கட்டினார்கள். 1.33 மைல், உல்லாசப் பியர்களில் உலகிலேயே நீளமானது, மேலே குட்டி ரயிலும் ஓடுகிறது. அப்பா காசு மிச்சம் பிடிக்க எங்களைப் போகும்போது நடக்கவிட்டு, திரும்பும்போது மட்டும் ரயிலில் ஏற்றுவார். பலகை இடுக்குகளில் கீழே தண்ணீர் தெரியும். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்தபடியே வருவாள்.

அப்புறம் சிப்ஸ். வினிகர் ஊறிய காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, அம்மா ஹேண்ட்பேக்கில் ஒளித்து வைத்திருந்த மிளகாய்த்தூளைத் தூவுவார். எங்களுக்கு வெட்கமாக இருக்கும். ஒருநாள் கடற்காகம் ஒன்று என் கையிலிருந்தே ஒரு துண்டைப் பறித்துக்கொண்டு போனது. பறவைகளுக்கு மிளகாய் உறைக்காதாம், அடுத்த துண்டுக்கும் திரும்பி வந்தது.